கோட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று பெட்ரூம்

வீடு விற்கிறவளுக்கு வீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விற்கத் தெரிந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளில், மத்திய நியூ ஜெர்சியில், பிரின்ஸ்டனுக்குப் போகிற வழியில் ஓர் ஊரில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டாக இருந்தபோது கற்றுக்கொண்ட பாடம் இது. ஊர்ப் பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் மளிகை வாங்குகிறேன். சனி ஞாயிறுகளில் பிள்ளைகளைப் பின்சீட்டில் கட்டிப் போட்டுக்கொண்டு விற்பனைக்குத் திறந்து வைத்த வீடுகளைப் பார்க்க ஓப்பன் ஹவுஸ் ஓப்பன் ஹவுஸாக அலைந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நாம் எல்லாரும் ஒரே படகில் நனைந்தவர்கள். நீங்கள் பின்சீட்டில் நனைந்தீர்கள், நான் டிரைவர் சீட்டில்.

ஆறு ஜோடிச் செருப்பு

இங்கே வீடு விற்பவர்கள் வாயைத் திறந்து சொல்லக் கூடாத விஷயங்கள் உண்டு. ஒரு தெருவில் யார் குடியிருக்கிறார்கள், என்ன நிறம், என்ன மதம், என்ன ஊர்க்காரர்கள், எதையும் சொல்லக் கூடாது. சொன்னால் லைசென்ஸ் போய்விடும். நியாயமான சட்டம்தான். கறுப்பர்களை ஒரு தெருவுக்கும் வெள்ளையர்களை இன்னொரு தெருவுக்கும் ஏஜென்ட்டுகள் ஓட்டிக்கொண்டு போன அக்கிரமத்தை நிறுத்த வந்த சட்டம். ஆனால் நம்மவர்கள் காரில் ஏறி பெல்ட் போடுவதற்கு முன் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். இரண்டாவது கேள்வி, "ஸ்கூல் எப்படி?" அதற்கும் நான் வாயைத் திறக்க முடியாது. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ரமணி என்று மேற்கு மாம்பலத்துக்காரர் ஒருவர். பாத்ரூமைப் பார்க்க மாட்டார், பேஸ்மென்ட்டைப் பார்க்க மாட்டார். "நம்மாளுங்க இருக்காங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று ஒரு மத்தியானம் முழுக்க என்னைக் குடைந்தார். நானும் சாட்சிக் கூண்டில் நிற்பவள் மாதிரி மழுப்பிக்கொண்டே இருந்தேன். கடைசி வீட்டில், சமையலறையைக்கூட எட்டிப் பார்க்காமல் வாசலில் நின்று பக்கத்து வீட்டையே பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மேடம். அந்த வீட்டு வாசல்ல ஆறு ஜோடி செருப்பு கெடக்கு. எனக்கு அது போதும்."

கிழக்கு எது

உமாவும் சேகரும் வேறு மாதிரி. திருச்சிப் பக்கம். ஹைவேக்கு இந்தப் பக்கம் இருந்த பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில் குடியிருந்தார்கள். ஒரே பையன், கௌதம், ஒன்றாம் வகுப்பு. வீட்டுக்குள் அவன் வாய் மூடாது. வாசலைத் தாண்டினால் ஒரு எழுத்து வராது. கிண்டர்கார்டன் வருஷம் முழுக்கப் பள்ளியில் அவன் குரலை யாரும் கேட்டதில்லை. பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடச் சொல்ல முடியாமல் நனைத்துக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. இது வெட்கம் இல்லை, ஒரு வகைப் பயம், காலம் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

பிறகு அதே வளாகத்தில் குடியிருந்த ஆண்ட்ரே என்ற கறுப்பினப் பையன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் அம்மா டெனிஸ், ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு உதவியாளர். ஆண்ட்ரேயிடம் மட்டும் கௌதம் பேச ஆரம்பித்தான். வகுப்பில் ஆண்ட்ரேயின் காதில் சொல்வான், ஆண்ட்ரே உரக்கச் சொல்வான். டீச்சரும் புண்ணியவதி, அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். அதனால் உமாவுக்கு ஒரே நிபந்தனை: வீடு எப்படி இருந்தாலும் சரி, அதே பள்ளி, அதே பஸ். தெற்குப் பார்த்த வாசல், ஹைவே இரைச்சல், இருட்டுச் சமையலறை என்று யாரும் தொடாமல் கிடந்த ஒரு மூன்று பெட்ரூம் வீட்டைத் தயங்கித் தயங்கிக் காட்டினேன். வாஸ்து பார்ப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்தேன்.

"அதெல்லாம் இல்லக்கா. அவன் வாயைத் திறந்து பேசற ஸ்கூல் எந்தப் பக்கம் இருக்கோ, எங்களுக்கு அதுதான் கிழக்கு."

மொழிபெயர்ப்பாளர்

அவர்கள் குடிபோன பிறகு ஒருநாள் ஏதோ சாவி கொடுக்கப் போனேன். அப்போதெல்லாம் விடிகாலையில் டெனிஸ் வேலைக்குப் போகிற வழியில் ஆண்ட்ரேயை உமா வீட்டில் விட்டுவிடுவாள். அங்கேயே இட்லி தின்றுவிட்டு இரண்டு பையன்களும் ஒன்றாக பஸ் ஏறுவார்கள். சாயங்காலமும் பெரும்பாலும் அங்கேதான். நான் காரை நிறுத்தியபோது இருவரும் கராஜ் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்கள். கௌதம் கணீரென்று ஏதோ கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்தக் குரலை நான் முதல்முறை கேட்கிறேன். நின்று கேட்க ஆசையாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் குழாயை மூடினதுபோல் நின்றுவிட்டது. நான் ஒன்றும் கவனிக்காதவள்போல் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கௌதம் ஆண்ட்ரேயின் காதில் குனிந்தான். ஆண்ட்ரே மிகவும் பொறுப்பாக என்னிடம் வந்தான். அவன் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"உங்க கார்ல பின்னாடி ஒரு லைட் எரியலையாம். போலீஸ் புடிச்சிருவாங்களாம். அவன் ரொம்பக் கவலைப்படறான்."

யாரைப் பார்க்கணும்

மறு வருடம் கௌதம் படித்த எங்கள் பக்கத்துப் பள்ளியில் இடம் போதவில்லை. விளையாட்டு மைதானத்தில் தகர டிரெய்லர்களைக் கொண்டுவந்து வைத்து வகுப்பு நடத்தினார்கள். ஹைவேக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளியில் இடம் இருந்தது, பரீட்சை மார்க் இல்லை. ஆகவே எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவது என்கிற எல்லைக் கோட்டை மாற்றி வரைய வேண்டும் என்று பள்ளி போர்டு முடிவு செய்து, மூன்று வரைபடங்களைப் பள்ளியின் விளையாட்டுக் கூடமான ஜிம்மின் சுவரில் மாட்டியது. முதல் திட்டத்தில் புதிதாகக் கட்டிய பெரிய வீடுகள் அந்தப் பக்கம் போகும். இரண்டாவதில் அபார்ட்மென்ட் வளாகம் மொத்தமாகப் போகும். மூன்றாவதில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று கலந்து பிரிப்பார்கள். வளாகம் இங்கேயே இருக்கும், இரண்டு பள்ளியிலும் எல்லாவிதப் பிள்ளைகளும் இருப்பார்கள். அதற்குப் பேர் டைவர்சிட்டி.

அன்றிலிருந்து என் போன் ஓயவில்லை. விற்ற வீட்டுக்காரர்கள், விற்காத வீட்டுக்காரர்கள், வீடே வாங்காதவர்கள்கூடக் கூப்பிட்டார்கள். "எங்க வீடு நீலமா, பச்சையா?" என்று கேட்டார்கள், வரைபடத்தில் அடித்திருந்த வர்ணத்தை. அட்வான்ஸ் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகாத ஒருவர், பேராசிரியர், நிதானமான மனிதர், நான் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வீட்டை நகர்த்த முடியாதுன்னு எனக்கும் தெரியும் மேடம். அந்தக் கோட்டை நகர்த்தறதுக்கு யாரைப் பாக்கணும்?"

பார்பராவின் ஞாபகம்

எங்கள் ஆபீசில் மூத்தவர் பார்பரா. வெள்ளைக்காரர், அந்த ஊரிலேயே பிறந்தவர், காப்பியில் சர்க்கரைக்குப் பதில் கிண்டலைக் கலக்கிக் குடிப்பவர். முதல் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். எந்தப் பக்கமும் பேசாதே, எதிலும் கையெழுத்துப் போடாதே என்று எங்கள் முதலாளி உத்தரவு. ஆகவே பின்வரிசையில் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

அன்று அதிகம் பேசினது நம்மவர்கள்தான். அபார்ட்மென்ட் பிள்ளைகள் வந்து வந்து போகிறவர்கள், நிலையாக இருப்பதில்லை. அவர்களால் வகுப்பின் தரம் இறங்குகிறது. பெற்றோர் யாரும் பள்ளிப் பக்கம் வருவதில்லை. ஒவ்வொருவராக மைக்குக்கு வந்து மிகவும் மரியாதையான இங்கிலீஷில் சொன்னார்கள். எனக்குக் காது சுட்டது. பார்பரா மட்டும் ஏதோ பழைய பாட்டைக் கேட்பவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"இதே ஜிம்ல, இதே பேச்சை நான் முன்னாடி ஒரு தடவை கேட்டிருக்கேன், கண்ணு. அப்ப எங்காளுங்க பேசினது உங்களைப் பத்தி."

சுண்டலும் பேனாவும்

நவராத்திரி வந்தது. மாலதி வீட்டுக் கொலு அந்த வட்டாரத்தில் பிரசித்தம். புதிய பெரிய வீடுகளில் ஒன்று அவளுடையது. முதல் திட்டம் வந்தால் அவள் பெண் அந்தப் பக்கப் பள்ளிக்குப் போக வேண்டும். மாலதி கெட்டவள் இல்லை. புருஷனின் வேலைக்காக அந்தப் பெண்ணை ஏற்கெனவே மூன்று ஊர், மூன்று பள்ளி என்று இழுத்தடித்தவள். இன்னொரு தடவை முடியாது என்று பெண் அழுததை அவள் என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

கொலுப் படிக்குப் பக்கத்தில் குங்குமச் சிமிழ், சந்தனம், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி. அதற்கும் பக்கத்தில் ஓர் அட்டையில் செருகின காகிதமும் பேனாவும். உமா பாடி முடித்துவிட்டு எழுந்தாள். மாலதி நெற்றியில் குங்குமம் வைத்தாள், கையில் தாம்பூலம் கொடுத்தாள், அட்டையை நீட்டினாள். "இது என்னதுக்கா?" என்றாள் உமா. "நம்ம ஸ்கூலை நம்மகிட்டயே வச்சுக்கறதுக்கு." உமாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. அவளுக்கு வேண்டியதும் அதுதானே. எழுதியிருந்தது என்னவோ நல்ல இங்கிலீஷ்தான், உமாவும் எம்.எஸ்ஸி. படித்தவள்தான். ஆனால் குங்குமம் வைத்துவிட்டவள் நீட்டுகிற காகிதத்தை அவள் முன்னாலேயே வரி வரியாகப் படித்துப் பார்ப்பது என்பது, கொடுத்த சுண்டலை முகர்ந்து பார்ப்பது போல ஆகிவிடாதா? நம்மில் யார் அதைச் செய்வோம்? அங்கிருந்த பட்டுப்புடவைகளில் ஒன்றுகூடச் செய்யவில்லை. என் முறை வந்தபோது, முதலாளி விடமாட்டார் என்று சொல்லிப் பேனாவை அடுத்தவளுக்குக் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று நானும் பார்க்கவில்லை. மாலதி எல்லாரிடமும் ஒரே மாதிரி சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

"குங்குமம் எடுத்துக்கோங்க, சுண்டல் எடுத்துக்கோங்க, அப்படியே இதுல ஒரு கையெழுத்து."

நாங்களே டைவர்சிட்டி

குளிர்காலத்தில் கடைசிக் கூட்டம். ஜிம்மில் உட்கார இடமில்லை. ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்தால் மேஜைமேல் சிவப்பு விளக்கு எரியும். நம்மவர்களில் வசதியான ஒருவர், பெரிய வீட்டுக்காரர், போர்டை நோக்கிக் கையை விரித்துக் கேட்டார்: "எங்களைப் பாருங்கள். நாங்களே டைவர்சிட்டிதானே? எங்களுக்கு எதற்கு இன்னும் டைவர்சிட்டி?" ஜிம் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். வெள்ளைக்காரர்களில் சிலரும் தட்டினார்கள். தாங்கள் சொல்லக் கூசியதை வேறொருவர் சொல்லிவிட்டால் வருகிற நிம்மதி அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அடுத்து மைக்குக்கு வந்தவன் சின்ன வயசு. காண்ட்ராக்டில் வந்த புரோகிராமர், கையில் தூங்குகிற குழந்தை. அவன் போர்டைப் பார்க்கவே இல்லை. திரும்பி அந்தப் பெரியவரைப் பார்த்தான். மைக்கில், தமிழிலேயே சொன்னான். போர்டு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், நானும் அந்த அபார்ட்மென்ட்டுலதான் இருக்கேன். போன வாரம் உங்க பொண்ணு பர்த்டேக்கு வந்து உங்க வீட்டுல சாப்ட்டேன். அப்ப நல்லாத்தானே பேசினீங்க?"

சிவப்பு விளக்கு

பிறகு டெனிஸ். ஆஸ்பத்திரி உடுப்போடு நேராக வந்திருந்தாள். அந்தப் பக்கப் பள்ளிக்கு பஸ் தாமதமாக வரும், நான் விடிகாலையில் வேலைக்குப் போய்விடுவேன், என் பையனை யார் ஏற்றிவிடுவது என்றாள். "இப்போது ஒரு தோழி வீட்டில் விடுகிறேன். அவள் பையனும் என் பையனும் பிரிந்தால் நஷ்டம் எனக்கு மட்டும் இல்லை" என்று சொல்லி உமாவைக் காட்டினாள்.

உமா எழுந்து போனாள். வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். என் மகனுக்கு ஒரே ஒரு குரல்தான் இருக்கிறது, அது இன்னொரு பையனின் தொண்டையில் இருக்கிறது, கோடு போடும்போது அதை நினைவில் வையுங்கள் என்றாள். எனக்குக் கண்ணை நீர் மறைத்தது. நடுவில் உட்கார்ந்திருந்த போர்டு அம்மாள் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். அபார்ட்மென்ட்டை மொத்தமாக அந்தப் பக்கம் அனுப்பச் சொல்லும் மனுவில் உங்கள் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றனவே, இரண்டில் எதை உங்கள் கருத்தாக எடுத்துக்கொள்வது என்று மிக நயமாகக் கேட்டார். குத்தலே இல்லை, உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டெனிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. உமா இறங்கி வந்து, மூன்றாவது வரிசையில் இருந்த மாலதியின் முன் நின்றாள்.

"மாலதிக்கா, நான் அன்னிக்கு உங்க வீட்டுக்கு சாமி கும்பிடத்தான் வந்தேன்."

டெனிஸ் சொன்னது

இரண்டாவது திட்டம் ஜெயித்தது. கோடு ஹைவேயை விட்டு விலகி, அபார்ட்மென்ட் வளாகத்தைச் சுற்றி ஒரு பை மாதிரி வளைந்து, அதை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து ஹைவேயோடு சேர்ந்துகொண்டது. உமாவின் வீடு நல்ல பக்கத்தில் நின்றது. அந்த ஒரு மனுவால்தான் அப்படி ஆயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உமாவிடம் யார் அதைச் சொல்லி நம்பவைப்பது?

முடிவு வந்த வாரம் உமா என்னையும் கூட்டிக்கொண்டு டெனிஸின் வீட்டுக்குப் போனாள். தனியாகப் போகப் பயம். படிக்காமல் போட்டுவிட்டேன், பண்டிகை வீடு, எங்கள் வழக்கம் அப்படி, மறுத்தால் தப்பாகிவிடும் என்று என்னென்னவோ சொன்னாள். அவள் சொன்னது அத்தனையும் சத்தியம். அந்த அறையில் அதைக் கேட்கும்போது எனக்கே அது சாக்குப்போல்தான் பட்டது. டெனிஸ் கத்தவில்லை. காப்பி கொடுத்தாள். உள்ளறையில் கௌதமும் ஆண்ட்ரேயும் ஏதோ சண்டை போட்டுச் சிரிக்கிற சத்தம். அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"உன் பையன் எப்ப வேணும்னாலும் இங்க வரலாம். கதவு திறந்தே இருக்கும். உன்னைப் பத்தித்தான் நான் யோசிக்கணும்."

ஏன் விற்கிறார்கள்

செப்டம்பரில் பள்ளி திறந்தது. முதல் வாரத்திலேயே கௌதம் மறுபடி நனைத்துக்கொண்டு வந்தான். இரண்டாவது வாரம் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் வந்தது; மூடி இறுகியிருந்தது, திறந்து கொடு என்று கேட்க ஆள் இல்லை. உமா எனக்கு போன் செய்தாள். வீட்டை விற்றுவிட்டு அபார்ட்மென்ட்டுக்கே திரும்பிப் போகிறோம் என்றாள். கோடு ஆண்ட்ரேயை அந்தப் பக்கம் தள்ளிவிட்டதென்றால் நாமும் அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். சேகர் முதலில் குதித்திருக்கிறான். "கையெழுத்து நீ போட்டே, வீட்டை நான் விக்கணுமா?" என்று கேட்டிருக்கிறான். பிறகு ஒருநாள் மத்தியானம் பள்ளிக்குப் போய், விளையாட்டு நேரத்தில் பையன் சுவரோரமாக ஒற்றை ஆளாக நிற்பதை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்து, அவனே என்னிடம் பேப்பரில் கையெழுத்துப் போட்டான். ஒன்றிரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டான்.

டெனிஸிடம் சொன்னாயா என்று உமாவைக் கேட்டேன். இல்லை என்றாள். சொல்லி என்ன, என் வார்த்தைக்கு இனி அவளிடம் மதிப்பில்லை, பெட்டியோடு போய் நின்றால் அவளுக்கே புரியும் என்றாள். வீட்டு வாசலில் என் போட்டோ போட்ட போர்டை நட்டேன். தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்: கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த வீடு, ஹைவே இரைச்சலாவது இருட்டுச் சமையலறையாவது, மூன்று நாளில் பார்ட்டி வந்துவிட்டது. எடிசன் என்ற ஊரிலிருந்து ஒரு இளம் தம்பதி, நம்மவர்கள்தான். ஏன் விற்கிறார்கள் என்று கேட்டார்கள். அபார்ட்மென்ட்டுக்குப் போகிறார்கள், பையனின் பள்ளிக்காக என்றேன். அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குரலில் நிஜமான அனுதாபம்.

"இவ்ளோ நல்ல ஸ்கூலை விட்டுட்டு அந்த ஸ்கூலுக்கா? ஐயோ பாவம், பையனுக்கு படிப்பு ஏறாதோ?"

பேசாதவர்கள்

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, வக்கீல்கள் பார்ப்பதற்கென்று எங்கள் மாநிலத்தில் விடுகிற மூன்று நாள் அவகாசம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். இரண்டாவது நாள் உமா வீட்டில் இருந்தேன். வாசலில் டெனிஸின் கார் வந்து நின்றது. பின்சீட் முழுக்க அட்டைப்பெட்டி, துணி மூட்டை, நடுவில் ஆண்ட்ரே. அந்தப் பள்ளி பஸ் உமா வீட்டுப் பக்கம் வராது, தாமதமாக வருகிற அந்த பஸ்ஸுக்கும் அவள் ஷிஃப்டுக்கும் ஒத்துவரவே இல்லை. எட்டு வயதுப் பையன் தனியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறான் என்று யாரோ புகார் செய்துவிட்டார்களாம். ஜார்ஜியாவில் அவள் அக்கா இருக்கிறாள். காலையில் பையனைப் பள்ளிக்கு ஏற்றிவிட அங்கே ஒரு மனுஷியாவது இருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு, அபார்ட்மென்ட்டையும் காலி செய்துவிட்டு, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள். வந்தவள் புல்வெளியில் என் போர்டைப் பார்த்தாள்.

என்ன இது என்று கேட்டாள். உமா சொன்னாள். அதற்குமேல் அந்த இரண்டு பெண்களும் வாசற்படியில் உட்கார்ந்து அழுததை நான் எழுதப்போவதில்லை. கௌதம் காரின் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஆண்ட்ரேயிடம் நிறுத்தாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நிற்பதைக்கூட அவன் அன்று பொருட்படுத்தவில்லை. அந்த வீட்டில் பேச வராத பிறவி ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். டெனிஸ் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உமாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"நீயாவது வாயைத் திறந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உமா!"

கொடுத்து வைத்தவள்

மறுநாள் வக்கீல் மூலம் விற்பனையை ரத்து செய்தோம். எடிசன் தம்பதி என்னை வைத வசவுகள் தனிக் கட்டுரைக்கு ஆகும். போர்டைப் பிடுங்கிக் காரில் போட்டுக்கொண்டேன். எந்தப் பள்ளியாக இருந்தால் என்ன, இனி எல்லாப் பக்கமும் ஒன்றுதான் என்று உமா அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஆண்ட்ரேயிடமிருந்து சில ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். போனில் கௌதம் பேசமாட்டான், மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும் என்று உமா சொன்னாள். மாலதி உமாவிடம் வந்து மன்னிப்புக் கேட்டாள், வேண்டாவெறுப்பாக இல்லை, மனதாரத்தான் கேட்டாள். உமாவும் பரவாயில்லைக்கா என்றுதான் சொன்னாள். இருவரும் மறுபடி ஒரே காரில் கோயிலுக்குப் போனார்கள். நம் ஊர்க்காரர்களுக்குள் வேறென்ன செய்வது?

டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டுக் கச்சேரி. அதே ஜிம். உமா கூப்பிட்டாள் என்று போயிருந்தேன். ஒரு பக்கம் உமா, நடுவில் நான், அந்தப் பக்கம் மாலதி. மேடையில் மூன்று வரிசைக் குழந்தைகள், எல்லார் வாயும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது வரிசை ஓரத்தில் கௌதம். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறான். பாட்டு முடிகிறவரை உமா மடியில் கையை வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டினாள். மாலதி என்னைத் தாண்டிக் குனிந்து, அன்பாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பிள்ளையைப் பாரு உமா, எவ்ளோ சமர்த்தா, சத்தமே போடாம நிக்கறான்! எங்க வீட்டு வாலு கத்தற கத்துல காது போறது. நீ குடுத்து வச்சவ."

கோடு எந்தப் பக்கம் வளைந்தாலும் வீடு விற்கிறவளுக்கு நஷ்டம் கிடையாது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கடைசிவரை செரிக்காத லாபம்.